விடைபெறவும் நாள் வேண்டும்

இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கு ரக்பி ஆடப் போகும் பள்ளி அணிகளின் பயணத் திட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஜூலையில் கோடை விடுமுறை தொடங்கியதும் புறப்பாடு. ஆக்லாந்தில் இறங்கி இரண்டொரு நாள் ஓய்வும் பயிற்சியும். வடதீவில் இரண்டு மூன்று ஆட்டங்கள். குக் நீரிணையைக் கடந்து தென்தீவில் இன்னும் இரண்டு. திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு தெரிவது கடைசிப் பக்கத்தில்தான். சிலவற்றில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலையே விமானம். வேறு சிலவற்றில் ஃபிஜியிலோ குக் தீவுகளிலோ கடற்கரை விடுதி, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் கேளிக்கைப் பூங்கா, அல்லது திரும்பும் வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் என்று போட்டிருக்கும். கடைசியாக ஆடிய ஊரிலேயே, அந்த ஊர்க்காரர்களின் வீடுகளிலேயே இன்னும் சில நாள் தங்குவதாக எழுதிய திட்டங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவான திட்டங்களே சரி, அப்படிக் கடைசியில் மூன்று நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. இத்தகைய பயணங்களைப் பற்றிய நினைவுகளை நெடுநாள் எடைபோட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஆனால் ஒருவருடைய நினைவை மட்டும் வைத்து ஒரு பள்ளிக்கு யோசனை சொல்வது நியாயமாகாது. அதனால் ரக்பியின் வரலாற்றிலும், நினைவைப் பற்றிய ஆய்வுகளிலும், விருந்தினரை வழியனுப்பத் தெரிந்த ஒரு மக்களின் பழக்கத்திலும் இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசி நாட்களில் அந்தப் பையன்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் குளிர்காலக் கடிகாரம் இங்கிலாந்தின் கோடைக் கடிகாரத்தைவிட 11 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பகலும் இரவும் இடம்மாறிய உடம்பு வழிக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் முதல் ஆட்டம் முடிந்துபோயிருக்கும். பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஆட்டம், நடுவே நீண்ட பேருந்துப் பயணம், காயாத காலணி, சேறு பிடித்த மூட்டைகள். 19 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டத்தை உலக ரக்பி அமைப்பு 70 நிமிடத்தோடு நிறுத்துகிறது. இரு அணிகளும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமில் ஒரு தரப்பு மற்றதை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்றும் விதித்திருக்கிறது. வளரும் கழுத்தையும் முதுகையும் காக்கவே இந்த விதிகள். ஆனால் எட்டு நாளில் மூன்று ஆட்டம் ஆடினால் என்ன ஆகும் என்பதை எந்த ஓர் ஆட்டத்தின் விதியும் கணக்கில் கொள்ளாது. தலைக்காயம் இன்னும் பெரிய விஷயம். 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில், தலையில் அடிபட்ட பின்னும் பள்ளி ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தக் குடும்பத்தின் போராட்டத்துக்குப் பிறகே பிரித்தானியத் தீவுகளின் பள்ளிகள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டன. மூளை அதிர்வு ஏற்பட்ட மாணவன் குறைந்தது 21 நாள் கழிந்த பிறகே மீண்டும் போட்டியில் இறங்கலாம் என்பது இங்கிலாந்தில் இன்றுள்ள நெறிமுறை. மூன்று வாரப் பயணத்தில் இதன் பொருள் கடுமையானது. முதல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவனுக்கும் ஆட்டத்தைப் பொறுத்தவரை பயணம் அன்றோடு முடிந்தது. அவன் ஓரக்கோட்டில் தண்ணீர்ப் புட்டியோடு நின்று மிச்ச நாட்களைக் கழிப்பான். கடைசி ஆட்டம் வரும்போது அவனைப் போல ஆட முடியாதவர்கள், ஆடக்கூடாதவர்கள், அதிகம் ஆடக் கிடைக்காதவர்கள் என்று அணியில் கணிசமான பேர் சேர்ந்திருப்பார்கள். கடைசி நாட்களைத் திட்டமிடுபவர் யாரை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார் என்று நான் கேட்பதற்கு இவர்களே காரணம்.

ஒரு காலத்தில் கடைசி நாட்களைக் கப்பல் பார்த்துக்கொண்டது. 1950இல் கார்ல் முல்லன் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன பிரித்தானிய லயன்ஸ் என்ற, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த அணி, வசந்தத்தில் புறப்பட்டு இலையுதிர்காலத்தில்தான் வீடு திரும்பியது. ஏறத்தாழ ஆறு மாதம். அதில் பல வாரங்கள் கடலில் போயின. திரும்பும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றபோது இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் ஆடி 44க்கு 6 என்று வென்றார்கள். கொழும்பில் லயன்ஸ் ஆடியதை இலங்கை ரக்பி ரசிகர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் முடிவைவிட அது நடந்த காலம்தான் முக்கியமாகப் படுகிறது. டெஸ்ட் ஆட்டங்களெல்லாம் முடிந்து, வெற்றி தோல்வியின் கணக்கு மூடப்பட்டு, வீடு இன்னும் பல நாள் தொலைவில் இருந்த காலம் அது. காயம் ஆறவும், நடந்ததைப் பேசித் தீர்க்கவும், ஒருவரோடொருவர் வந்த மனக்கசப்பைக் கரைக்கவும், விட்டுவந்த ஊர்களுக்குக் கடிதம் எழுதவும் அந்தக் கடல்வழி இடம் தந்தது. லயன்ஸ் கப்பலில் போன கடைசிப் பயணம் அதுவே. 1955இல் தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் போனார்கள். வேலையையும் வருமானத்தையும் விட்டு ஆறு மாதம் வெளியே இருக்க முடியாத சாதாரண மனிதர்களுக்கு விமானம் வாய்ப்பைத் திறந்தது. பள்ளி அணிகளின் வெளிநாட்டுப் பயணம் என்பதே விமானம் இல்லாவிட்டால் இவ்வளவு பெருகியிருக்காது. ஆகவே கப்பலைத் திரும்ப அழைக்கும் ஏக்கம் எதுவும் எனக்கில்லை. ஆனால் கப்பல் செய்துவந்த வேலையை விமானம் செய்வதில்லை. சனிக்கிழமை மாலை கடைசி விசில் ஊதினால் திங்கட்கிழமை ஹீத்ரோவில் பெற்றோர் நிற்கிறார்கள். நடந்து முடிந்தது மனத்தில் படிவதற்குள் அவரவர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிறது. கடலில் கிடைத்த அந்த நாட்களை இப்போது தரையில்தான், போன ஊரிலேயேதான், வேண்டுமென்றே ஒதுக்க வேண்டியிருக்கிறது.

கடைசி ஆட்டத்தையே பயணத்தின் உச்சியாக வைக்க வேண்டும், வலிமையான எதிரணியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பயிற்சியாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இரண்டு வாரம் சேர்ந்து ஆடி மெருகேறிய அணி அப்போதுதான் தன் முழு உயரத்தில் நிற்கும் என்பது அவர்களின் வாதம். பெரிய அணிகளின் வரலாறு இதற்கு உறுதியான துணை நிற்கவில்லை. 1974இல் தென்னாப்பிரிக்கா போன லயன்ஸ் 21 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்ற அணி. கடைசி ஆட்டமான நான்காவது டெஸ்டில் 13க்கு 13 என்று சமநிலை. 1997இல் முதல் இரண்டு டெஸ்டையும் வென்று தொடரைக் கைப்பற்றிய லயன்ஸ், ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி டெஸ்டை 35க்கு 16 என்று இழந்தது. 2009இல் அதே நாட்டில் முதல் இரண்டையும் இழந்து தொடரைப் பறிகொடுத்தவர்கள், அதே ஜோகன்னஸ்பர்க்கில் கடைசியை 28க்கு 9 என்று வென்றார்கள். 2025இல் பிரிஸ்பேனிலும் மெல்பர்னிலும் வென்றவர்கள் சிட்னியில் 22க்கு 12 என்று தோற்றார்கள். தொடர் முடிவான பிறகு ஆடிய கடைசி ஆட்டம் இவற்றில் பிந்திய மூன்று முறையும் அதற்கு முந்தைய இரண்டையும் மறுத்துப் பேசியிருக்கிறது. இதற்கு எதிரான சான்றுகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: 1983இலும் 2005இலும் நியூசிலாந்தில் லயன்ஸ் கடைசி ஆட்டம் உட்பட எல்லா டெஸ்டையும் இழந்தது. அங்கே இரு அணிகளுக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு பெரிது. ஆனால் அணிகள் நெருங்கி நிற்கும்போது, கடைசி ஆட்டம் திறமையைவிட வேறு எதையோ அளக்கிறது. யாருடைய மனம் ஏற்கனவே வீட்டுக்குப் போய்விட்டது, யாருக்கு இன்னும் நிரூபிக்க ஏதோ மிச்சமிருக்கிறது என்பதை அளக்கிறது. சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கே இப்படி என்றால், களைத்துப்போன 17 வயதுக்காரர்களிடம் கடைசி ஆட்டத்தில் பயணத்தின் சாரத்தைத் தேடுவது சரியாக இருக்காது. என் யோசனை எளியது: கடினமான ஆட்டத்தை நடுவில் வையுங்கள். கடைசி ஆட்டத்தில் உடல்தகுதி உள்ள ஒவ்வொரு மாணவனும் இறங்கட்டும், இதுவரை அதிகம் ஆடாதவர்கள் முதலில் இறங்கட்டும்.

ரக்பியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிரித்தானியத் தீவுகளுக்கு வரும் பெரிய அணிகள் கடைசியாக பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணியோடு ஆடும் வழக்கம் 1948இல் பிறந்தது. ஆஸ்திரேலிய அணி கனடா வழியாக ஊர் திரும்ப விரும்பியது. அதற்குப் பணம் திரட்டக் கார்டிஃபில் ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. விருந்தாளிகள் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆடிய ஆட்டம் அது. வெற்றி தோல்வியால் எதுவும் நிர்ணயமாகாத அந்தக் கடைசி ஆட்டத்தில், ஆட்டக்காரர்கள் பயமில்லாமல் பந்தைக் கைமாற்றினார்கள். 1973 ஜனவரி 27 அன்று நியூசிலாந்துக்கு எதிராக அப்படி ஆடியதில்தான் பார்பேரியன்ஸ் வீரர் கேரத் எட்வர்ட்ஸின் புகழ்பெற்ற டிரை வந்தது. சொந்தக் கோட்டுக்கு அருகில் ஃபில் பென்னட் தொடங்கிய ஓட்டம் மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து முடிந்தது. அந்தப் பயணத்தில் நியூசிலாந்து வேல்ஸையும் ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் வென்றது, அயர்லாந்தோடு 10க்கு 10 என்று சமன் செய்தது. அந்த டெஸ்ட் முடிவுகளை இன்று ஆவணங்களில் தேடித்தான் எடுக்க வேண்டும். எந்தக் கணக்கிலும் சேராத அந்த விடைபெறும் ஆட்டம் அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள் வாயில் இருக்கிறது.

இங்கே நினைவைப் பற்றிய கேள்வி எழுகிறது. ஓர் அனுபவத்தின் முடிவு அதன் முழு நினைவையும் ஆள்கிறதா? டேனியல் கானெமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் புகழ்பெற்றது. பங்கேற்றவர்கள் ஒருமுறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பின் மேலும் 30 விநாடி. அதற்குள் நீரின் வெப்பம் ஒரு டிகிரி மெல்ல ஏற்றப்பட்டது. எதைத் திரும்பச் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வேதனையையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நினைவு பெரிதாகக் கருதுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். கடற்கரை விடுதிக்காரர்களுக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். முடிவு இனிமையாக இருந்தால் எல்லாம் இனிமை. ஆகவே கடைசியில் நீச்சல்குளமும் சறுக்குமரமும் வையுங்கள் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் குளிர்நீரில் ஒன்றரை நிமிடம் வேறு, மூன்று வாரப் பயணம் வேறு. நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல், நாட்கணக்கில் நீண்ட விடுமுறைகளை வைத்து இதே கேள்வியைச் சோதித்தார்கள். அங்கே முடிவின் இனிமை பெரிய தடயம் விடவில்லை. விடுமுறையில் மிகவும் நினைவில் நிற்கும், அல்லது மிகவும் வழக்கத்துக்கு மாறான 24 மணி நேரம் எப்படி இருந்தது என்பதே, முழு விடுமுறையைப் பற்றிய அவர்களின் மதிப்பீட்டோடு நன்றாகப் பொருந்தியது. இந்த இரண்டாவது ஆய்வு என் வாதத்தின் ஒரு காலைத் தட்டிவிடுவதுபோல் முதலில் தோன்றும். முடிவு முடிவு என்பதாலேயே பெருமை பெறுவதில்லை என்று அது சொல்கிறது. எனக்கு அது உதவியே செய்கிறது. வழக்கத்துக்கு மாறான ஒரு நாள்தான் வேண்டுமென்றால், எந்த நாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் விடுதியின் நீச்சல்குளத்தில் அதைத் தேட முடியாது. ஜூலை இறுதியில் வைக்காட்டோவின் பால்பண்ணைகளில் பசுக்கள் கன்று ஈனத் தொடங்கும். லண்டன் புறநகரில் வளர்ந்தவன் ஒருவன் அங்கே ஒரு வீட்டில் தங்கி, விடியலுக்கு முன் அந்த வீட்டுப் பையனோடு மேய்ச்சல் நிலத்தில் நடந்தால், அப்படியொரு நாள் அவனுக்கு மறுபடி வாய்க்கப் போவதில்லை.

சரி, அப்படிப்பட்ட நாளை முதல் வாரத்திலேயே வைத்துவிடலாமே, ஏன் கடைசியில் என்று கேட்கலாம். பில்லட் என்று அங்கே சொல்லும் வீட்டுத் தங்கல், பல பயணங்களில் நடுவிலும் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவு, பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். முதல் வீட்டில் பையன்கள் தூக்கக் கலக்கத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். விருந்தாளியாக இருப்பதும் பழகிவருகிற ஒன்று. எந்த அலமாரியில் தட்டு வைப்பது, எப்போது பேசுவது, வீட்டுப் பாட்டியிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் மூன்றாவது, நான்காவது வீட்டில்தான் இயல்பாக வரும். பாட்டும் அப்படியே. நியூசிலாந்துப் பள்ளிகளில் வரவேற்பு மாவோரி முறைப்படி நடக்கும். பல பள்ளிகளில் அதற்கென்றே மராயே என்னும் கூடமும் முற்றமும் இருக்கின்றன. விருந்தினர் சார்பில் ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய அணி எழுந்து பாட வேண்டும். முதல் ஊரில் உதடு மட்டும் அசையும் பையன்கள் கடைசி ஊரில் வாய்விட்டுப் பாடுவார்கள். நல்ல விருந்தாளியாகத் தேறிய அந்த நேரத்தில் அவர்களை எடுத்துப்போய், யாருக்கும் விருந்தாளியாக இல்லாத ஒரு விடுதியில் விடுவது கற்றதை வீணாக்குவதாகும்.

மாவோரி மக்களின் விடைபெறும் முறை இங்கே எனக்கு மிகப் பெரிய சான்று. போரோபோரோஆக்கி என்று அதற்குப் பெயர். வரவேற்பில் முதலில் பேசுவது வீட்டார். விடைபெறும்போது முறை மாறுகிறது; விருந்தினர்தான் எழுந்து முதலில் பேச வேண்டும். தங்கிய நாட்களில் என்ன நடந்தது, என்ன கற்றோம், யாருக்கு என்ன கடன்பட்டோம் என்று பேசுகிறார்கள். சமையற்கட்டில் நின்று உழைத்தவர்களை வெளியே வரச்செய்து, எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லிப் பாடுகிறார்கள். ஒரு கூட்டத்தையோ சடங்கையோ இப்படி முடிக்காமல் கிளம்புவது அங்கே முறையாகாது. நம் ஊரில் விருந்தாளி வாசற்படி தாண்டும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லாமல் போக மாட்டார். வீட்டாரும் தெருமுனை வரை உடன் நடப்பார்கள். வருகையைப் போலவே புறப்பாட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை இரண்டு மக்களும் அறிந்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கைச் செய்துமுடிக்க நேரம் வேண்டும். கடைசி ஆட்டத்தின் மாலையில், ஐஸ் கட்டியை முழங்காலில் கட்டிக்கொண்டு, காலை ஐந்து மணிப் பேருந்தை நினைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பயிற்சியாளர் எல்லோர் சார்பிலும் நாலு வார்த்தை பேசி, பள்ளிச் சின்னம் பொறித்த கேடயம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அதுவும் நன்றிதான். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் மாணவர்கள். சோறு போட்டவர்களின் முகத்தைப் பார்த்து, அவர்களுடைய பெயரைச் சொல்லி அவர்களே சொல்ல வேண்டும்.

கடைசி நாள் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2019 உலகக் கோப்பையில் ஓர் உதாரணம் கிடைத்தது. கனடா அணி அந்தப் போட்டிக்காக ஜப்பான் போய், இத்தாலியிடமும் நியூசிலாந்திடமும் தென்னாப்பிரிக்காவிடமும் பெரிய அளவில் தோற்றது. அக்டோபர் 13 அன்று கமாயிஷி நகரில் நமீபியாவோடு ஆடவேண்டிய கடைசி ஆட்டமே அவர்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. ஹகிபிஸ் புயல் அந்த ஆட்டத்தையும் கொண்டுபோயிற்று. கமாயிஷி 2011 ஆழிப்பேரலையில் நொறுங்கிய ஊர். அங்குள்ள ரக்பி அரங்கம், அந்த அலையில் அழிந்த இரண்டு பள்ளிகள் நின்ற இடத்தில் கட்டப்பட்டது. ஆட்டம் இல்லை என்று தெரிந்ததும் கனடா வீரர்கள் தெருவில் இறங்கி, வீடுகளின் முன் படிந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளினார்கள். ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பிய அந்த அணியை ஜப்பான் மக்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் திட்டமிட்டு வருவித்த நாள் அல்ல அது; ஆனால் மைதானத்துக்கு வெளியே ஒரு நாள் அவர்களுக்கு மிச்சமிருந்தது. அடுத்த விமானத்தில் அவர்கள் கிளம்பியிருந்தால் அந்த ஊருக்கும் அவர்களுக்கும் அப்படியொரு உறவு ஏற்பட்டிருக்காது.

எதிர்வாதங்களில் மிகக் கனமானது குழந்தைப் பாதுகாப்பு. முன்பின் தெரியாத வீடுகளில் மாணவர்களை விடலாமா? இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது: வெளிநாட்டில் உள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணியை உள்நாட்டு அமைப்பின் வழியே சரிபார்க்க முடியாது; ஆகவே அழைக்கும் பள்ளியோடு பேசி அதற்கு நிகரான உறுதியைப் பெற வேண்டும். இந்தக் கவலையை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கவனியுங்கள், இது கடைசி நாட்களுக்கு மட்டும் உரிய கவலை அல்ல. நடுவில் தங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும். ஐந்து ஊர்களில் ஐந்து தொகுதி வீடுகளை அவசரமாகச் சரிபார்ப்பதைவிட, நெடுநாள் தொடர்புள்ள ஒரு பள்ளியின் பெற்றோர்களை முன்கூட்டியே அறிந்துகொள்வது எளிது, உறுதியும் கூட. எவனையும் தனியாக விடாமல் இருவர் இருவராகத் தங்கவைப்பது, ஒவ்வொரு நாளும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் நேரில் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் இடம் மாற்றுவது ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். அந்த உறுதி கிடைக்காத ஊரில் வீட்டுத் தங்கலே வேண்டாம். விடுதியில் தங்கி, பகலையும் மாலையையும் அந்த ஊரோடு கழிக்கலாம்.

ஓய்வு நாட்களே ஆபத்தானவை என்ற வாதமும் உண்டு. அதற்கு ரக்பியின் முதல் பெரிய பயணமே சாட்சி சொல்லும். 1888இல் பிரித்தானியத் தீவுகளிலிருந்து போன அணியின் தலைவர் ராபர்ட் செடன், ஆட்டமில்லாத ஒரு நாளில் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் ஆற்றில் படகோட்டும்போது மூழ்கி இறந்தார். அணி அவரை அங்கேயே மேட்லாந்தில் அடக்கம் செய்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தது. கட்டில்லாத நேரம் இளைஞர்களை எங்கே கொண்டுபோகும் என்ற பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டுப்பட்டவனைவிட, கடற்கரை விடுதியில் சாவியோடு திரியும் 18 வயதுக்காரன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறான்.

பெற்றோர் பணம் கட்டியிருக்கிறார்கள், பையன்களுக்கு உல்லாசம் வேண்டாமா என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வீட்டில் தங்கினால் விடுதிச் செலவு குறையும். உல்லாசம் வேண்டும் என்றால் ரொட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுகளும் குவீன்ஸ்டவுனின் பனிமலைகளும் வழியிலேயே இருக்கின்றன. நடு வாரத்தில் போகலாம்.

இதைவிட என்னைத் தயங்கவைப்பது இன்னொரு வாதம். அணியில் சிலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டவர்கள். அந்தச் சட்டையை அவர்கள் இனி அணியப் போவதில்லை. ஏழு வருடம் சேர்ந்து ஆடியவர்களைக் கடைசி மூன்று இரவு வெவ்வேறு வீடுகளில் பிரித்துப்போடுவது கொடுமை அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் பகல்கள் அணிக்கும் இரவுகள் வீடுகளுக்கும் என்று நான் பிரிக்கிறேன். காலையில் எல்லோரும் ஒன்றுகூடி, அழைத்த பள்ளியின் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுக்கலாம். தலையில் அடிபட்டு ஆடாமல் இருந்தவன் அங்கே யாருக்கும் குறைந்தவனாக இருக்க மாட்டான். சட்டையை மாற்றிக்கொள்வதும், மூத்தவர்களை இளையவர்கள் வழியனுப்புவதும் ஒரு மாலையில், வீட்டாரும் இருக்கும் கூடத்தில் நடக்கலாம். தங்களுக்குள் மட்டும் விடைபெற்றுக்கொள்ள வேண்டியதை அவர்கள் வீட்டுக்குப் போயும் செய்யலாம். அழைத்தவர்களிடம் விடைபெற அந்த மூன்று நாளைத் தவிர வேறு நாள் கிடையாது.

மூன்று நாள் என்றதும் நம்மவர்களுக்கு "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நினைவுக்கு வரும். அழைத்தவர்களுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. வேலைக்குப் போகும் பெற்றோர் நடு வாரத்தில் இரண்டு பெரிய பையன்களுக்குச் சமைத்துப்போட வேண்டும். அதனால்தான் நான் ஒரு வாரம் கேட்கவில்லை. மூன்றாம் நாளில் விருந்தாளி தட்டைக் கழுவவும் விறகு எடுத்துவரவும் தொடங்கியிருப்பான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடனை முழுதாக அடைக்க ஒரே வழி, அழைத்தவர்களைத் திரும்ப அழைப்பது. இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடயப் போட்டி, பெரும்பாலும் ஊருக்கு ஓர் ஆட்டமாக இரண்டு ஆட்டங்கள் கொண்டது. விருந்தாளியாகப் போனவர்கள் அதே பருவத்தில் விருந்து வைப்பவர்களாகவும் ஆகிறார்கள். இரு ஊர்களுக்கும் இடையே மூன்று நான்கு மணி நேரப் பயணம் என்பதால் அது அங்கே எளிது. உலகத்தின் இரு முனைகளில் இருக்கும் பள்ளிகளுக்கு எளிதல்ல. ஆனாலும் நாட்காட்டியில் ஓர் இடைவெளி இருக்கிறது. நியூசிலாந்துப் பள்ளிகளின் மூன்றாம் பருவம் செப்டம்பர் இறுதியில் முடிந்து இரண்டு வாரம் விடுமுறை வருகிறது. இங்கிலாந்தில் அப்போது ரக்பிப் பருவம் தொடங்கிச் சூடுபிடித்திருக்கும். எந்த ஆண்டு, எத்தனை பேர், யார் வீட்டில் இரண்டு கட்டில் காலியாக இருக்கும் என்பதையெல்லாம் பிறகு கடிதத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், புதிய தலைமையாசிரியர், புதிய பயிற்சியாளர், புதிய செலவுத் திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தள்ளிப்போடும். விடைபெறும் அந்த மூன்று நாளில், இரு பள்ளிகளின் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே தேதியைக் குறிக்க வேண்டும். எந்த மாணவனுடைய வீடு எந்த மாணவனை ஏற்கும் என்ற பட்டியலின் முதல் வரைவை, விமானம் ஏறும் முன் மாணவர்களே எழுதித் தர வேண்டும்.